சுண்ணாம்பை விட்டு வந்த தானியம்

முதுமையிலே அறிவு மங்குவதையும் நினைவு தவறுவதையும் காலம் அடிக்கும் கொள்ளை என்று கருதி, மூளையைத் தவிர வேறெந்த அங்கத்தின்மேலும் அதற்குப் பழி சுமத்தாதிருந்த வைத்திய உலகம், சில வருஷங்களாக நாம் உண்ணும் ஆகாரத்தையும் நம் குடலுக்குள்ளே குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்களையும் கூண்டிலேற்றி விசாரிக்கத் தொடங்கியிருக்கிறது. இந்த விசாரணை முற்றிலும் புதியது என்று எண்ணுவோர் பலர். ஆகாரத்தின் குறைவு ஒன்றினாலேயே மனிதர் சித்தம் கலங்கி, உற்றாரை அறியாமல், பகல் இரவு தெரியாமல், பைத்திய விடுதிகளின் சுவர்களுக்குள்ளே பல்லாயிரக்கணக்கில் மடிந்த ஒரு சரித்திரம் இரண்டு கண்டங்களில் இரண்டு நூற்றாண்டுகளாக நடந்து, நம் பாட்டனார் காலத்திலேதான் ஒருவாறு முடிவுற்றது. பெலாக்ரா என்பது அந்த நோயின் பெயர். அதன் விருத்தாந்தம் ஒரு தானியத்தின் விருத்தாந்தம். இன்னும் கறாராகச் சொன்னால், அந்தத் தானியத்தோடு கூடவே வந்திருக்க வேண்டிய ஒரு சமையல் வழக்கம் வராமற்போன விருத்தாந்தம்.

மக்காச்சோளம் பிறந்த நாடு மெக்ஸிகோ. அந்நாட்டின் தென்பகுதியிலுள்ள பால்ஸாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கிலே, தெயோசிந்தே என்னும் காட்டுப்புல்லைச் சுமார் 9,000 வருஷங்களுக்கு முன் மனிதர் கையாண்டு திருத்தி, விரலளவுகூட இல்லாதிருந்த கதிரைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து விதைத்துப் பெருக்கினார்கள். ஆனால் அந்த ஜனங்கள் கதிரை உலர்த்தி அப்படியே மாவாக்கி உண்டவர்களல்லர். உலர்ந்த மணிகளைச் சுண்ணாம்பு கரைத்த நீரிலோ சாம்பல் கலந்த நீரிலோ இட்டுக் கொதிக்கவைத்து, இரவு முழுவதும் அதிலேயே ஊறவிட்டு, விடியற்காலையில் மேல்தோல் கழன்று வரும்படி கையால் பிசைந்து கழுவி, மெதாதே என்னும் கல்லிலே – நம் அம்மிக்கு அது ஒன்றுவிட்ட சகோதரம் – ஈரமாவாக அரைத்து, மெல்லிய ரொட்டியாகத் தட்டிச் சுட்டு, பயற்றோடும் பூசணியோடும் மிளகாயோடும் உண்பது அவர்கள் வழக்கம். கிறிஸ்து பிறப்பதற்கு ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே மத்திய அமெரிக்காவில் இவ்வழக்கம் வேரூன்றிவிட்டது. சுண்ணாம்பு இடாத மாவு தட்டும்போது உதிர்ந்துபோகும், இட்ட மாவு சேர்ந்து வளைந்து கொடுக்கும் என்பதும், மணமும் ருசியும் கூடும் என்பதும் சமைப்பவர்கள் கண்ணாலும் நாவாலும் கண்ட பயன்கள். இவற்றினும் பெரிய பயனொன்று அந்தச் சுண்ணாம்பு நீரிலே மறைந்திருந்தது. அது சாஸ்திரிகளுக்குப் புலப்பட இருபதாம் நூற்றாண்டு பாதி கழியவேண்டியிருந்தது.

கொலம்பஸ் தம் முதல் யாத்திரையிலிருந்து 1493-ஆம் வருஷம் திரும்பியதற்குப் பின், மக்காச்சோள விதை ஸ்பெயின் தேசத்து மண்ணில் விழுந்தது. கப்பல்கள் விதையை ஏற்றி வந்தனவே அன்றி, அதை அரைத்துத் தட்டிய பெண்களை ஏற்றி வரவில்லை. ஐரோப்பாவில் கோதுமை அரைக்கும் நீராலைகள் ஊர்தோறும் இருந்தன. வேண்டிய மட்டும் உலர்ந்த மணியை அரைத்துத் தரும் இயந்திரம் கைவசம் இருக்கும்போது, ஊறவைத்துப் பிசைந்து கழுவும் சிரமத்தை மேற்கொள்ள யாருக்குத் தோன்றும்? மேலும், வெற்றிகொண்டவர்கள் தோற்றவர்களுடைய பொன்னைக் கவனித்த அளவுக்கு அவர்களுடைய அடுக்களையைக் கவனிப்பது உலக வழக்கமுமன்று. தானியம் மட்டும் தனியாகப் பிரயாணம் செய்தது. கோதுமையைக் காட்டிலும் பன்மடங்கு விளைச்சல் தந்து, ஏழை விவசாயியின் வயிற்றை நிரப்பிக்கொண்டு, ஸ்பெயினின் வடபகுதி, தென்மேற்குப் பிரான்ஸ், வட இத்தாலி, ருமேனியா என்று அது பரவிச் சென்ற வழியெங்கும், சில தலைமுறைகள் கழித்து, அதன் நிழலைப் போல ஒரு நோயும் தொடர்ந்து சென்றது.

அந்நோயை முதலில் அடையாளம் கண்டு எழுதியவர் காஸ்பர் கசால் என்னும் ஸ்பானிய வைத்தியர். அஸ்தூரியாஸ் பிரதேசத்து ஓவியேதோ நகரில் வைத்தியம் செய்துவந்த அவர், 1735-ஆம் வருஷத்தில், ஏழைக் குடியானவர்களிடையே ‘ரோஜா நோய்’ என்று வழங்கிவந்த ஒரு வியாதியைக் கவனித்தார். வசந்தகாலத்து வெயில் ஏறத் தொடங்கியதும் கைகளின் புறத்திலும் பாதங்களின் மேலும் தோல் சிவந்து, பின்னர் கறுத்துத் தடித்து வெடிக்கும். கழுத்தைச் சுற்றி மாலை அணிந்தாற்போல ஒரு சிவப்புப் பட்டை தோன்றும். அந்தப் பட்டைக்கு இன்றளவும் வைத்திய நூல்கள் கசாலின் பெயரையே இட்டு வழங்குகின்றன. அவர் தோலோடு நின்றுவிடவில்லை. நோயாளிகளின் மனக்கலக்கத்தையும் துயரத்தையும் குறித்துக்கொண்டு, அவர்கள் உண்பது யாதென்று விசாரித்து, பெரும்பாலும் மக்காச்சோளமே ஆகாரம், இறைச்சி அபூர்வம், பாலும் சொற்பம் என்பதையும் எழுதிவைத்தார். 1759-இல் அவர் இறந்தார். அவருடைய நூல் அச்சேறியது 1762-இல். நோயாளியின் தட்டை எட்டிப் பார்த்த அந்த வைத்தியரைப் பின்வந்தவர்கள் பின்பற்றியிருந்தால் இக்கட்டுரை மிகவும் சுருங்கியிருக்கும்.

நோய்க்கு இன்று வழங்கும் பெயரை அச்சில் ஏற்றியவர் மிலான் நகரத்து வைத்தியரான பிரான்செஸ்கோ பிரபொல்லி, வருஷம் 1771. வட இத்தாலியின் லொம்பார்தி, வெனெட்டோ பிரதேசங்களிலே நிலம் பிரபுக்களுடையது. வாரத்துக்கு உழுத குடியானவன் தான் விளைவித்த கோதுமையை வாரமாகவும் கடனாகவும் அளந்துவிட்டு, எஞ்சிய மக்காச்சோளத்தைக் களியாகக் கிளறி, காலையும் மாலையும் அதையே உண்டான். பொலெந்தா என்னும் அந்தக் களியின்மேல் தூவ உப்புக்கூட வரியினால் விலையேறியிருந்த காலம் அது. 1786-இல் இத்தாலிக்குப் பிரயாணமாக வந்த ஜெர்மானியக் கவி கேதே, ஆல்ப்ஸ் மலையின் தென்சரிவில் ஜனங்களின் வெளிறிய முகங்களைக் கண்டு, அவர்கள் உண்ணும் மக்காச்சோளக் களியே அதற்குக் காரணமாயிருக்கலாம் என்று எழுதினார். அவர் சொன்ன உடற்கூற்று விளக்கம் தவறானது. ஆனால் வண்டியில் போகிற ஒரு கவியின் கண்ணுக்குப் பட்டது, ஊரிலேயே இருந்த நிலப்பிரபுக்களின் கண்ணுக்குப் படவில்லை என்பதை மறக்கலாகாது.

இந்நோயின் போக்கு கொடுமையானது. முதலில் தோல், அடுத்து வாயும் குடலும் புண்ணாகி ஓயாத பேதி, அதன் பின்னர் மனம். தூக்கம் கெடும், காரணமில்லாத எரிச்சலும் சோர்வும் உண்டாகும், சொன்னதைத் திரும்பச் சொல்ல முடியாதபடி ஞாபகம் நழுவும், பின்னர் வெறும் குரல்கள் காதில் கேட்கும், கடைசியில் தான் யார் என்பதே மறந்த புத்திமாறாட்டம். கைகால் எரிச்சல் தாங்காமல் நீர்நிலைகளில் பாய்ந்து உயிர்விட்டவர்களும் உண்டு. 1784-இல் மிலானுக்கு அருகிலுள்ள லெஞானோவில் பெலாக்ராவுக்கென்றே ஒரு வைத்தியசாலை நிறுவப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலோ வெனிஸ் நகரத்துக் காயலிலுள்ள சான் செர்வோலோ தீவின் ஆண்கள் விடுதியும், சான் கிளெமெந்தே தீவின் பெண்கள் விடுதியும், இந்நோயினால் சித்தம் கலங்கிய கிராமவாசிகளால் நிறைந்தன. அவர்களில் பலர் சில மாதங்கள் அங்கே தங்கி, ரொட்டியும் சூப்பும் சிறிது இறைச்சியும் உண்டு, தெளிந்த புத்தியோடு ஊர் திரும்பி, மறுபடியும் களியை உண்டு, மறு வருஷத்து வசந்தத்தில் மறுபடியும் படகிலேறி வந்தார்கள். நோய்க்குரிய மருந்து விடுதியின் சமையலறையில் இருந்தது. வைத்தியர்கள் அதை விடுதியின் ஒழுங்கிலும் ஓய்விலும் தேடிக்கொண்டிருந்தார்கள்.

1881-ஆம் வருஷத்துக் கணக்கெடுப்பில் இத்தாலியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெலாக்ரா நோயாளிகள் இருந்ததாகத் தெரிந்தது. இதன் காரணத்தைப் பற்றிய வாதத்தில் பெருங்குரல் எழுப்பியவர், குற்றவாளிகளின் மண்டையை அளந்து பெயர்பெற்ற சேசரே லொம்புரோசோ. நல்ல மக்காச்சோளத்தில் குற்றமில்லை, பூஞ்சைபிடித்துக் கெட்ட மக்காச்சோளத்திலே விளையும் விஷமே நோய்க்குக் காரணம் என்பது அவர் அபிப்பிராயம். இந்த அபிப்பிராயத்தில் ஒரு வசதி இருந்தது: வாரமுறையையும் கூலியையும் தொடாமல், தானியத்தை உலர்த்தும் கிடங்கைக் கட்டிவிட்டால் கடமை முடிந்தது. 1902-இல் இத்தாலிய சர்க்கார் இயற்றிய சட்டம் கெட்ட மக்காச்சோளத்தின் விற்பனையைத் தடுத்தது. அதோடு, நற்காலமாக, ஏழைகளுக்கு இலவச உப்பும், நோயாளிகளுக்கு உணவளிக்கும் சாலைகளும் ஏற்பாடாயின. தத்துவம் பிசகாயிருந்தும், உணவளித்த பகுதி பலித்தது. கூலி உயர்ந்து, குடியானவர்கள் பலர் கடல் கடந்து குடியேறி, ஆகாரத்தில் பலவகை சேரச் சேர, முதல் உலக யுத்தத்துக்குள் அந்நாட்டில் நோய் பெரிதும் தணிந்தது.

அது தணியும் தருணத்தில் அட்லாண்டிக் சமுத்திரத்தின் மறுகரையில் தலையெடுத்தது. 1906-ஆம் வருஷம் அமெரிக்காவின் அலபாமா ராஜ்யத்திலே, கறுப்பின மக்களுக்கென்று மௌண்ட் வெர்னனில் இருந்த பைத்திய விடுதியில், 88 பேர் பெலாக்ராவினால் பீடிக்கப்பட்டு, 57 பேர் மாண்டனர். ஜார்ஜ் சியர்ஸி என்னும் வைத்தியர் மறுவருஷம் இதனை வெளியிட்டார். தென் கரோலினாவின் பைத்திய விடுதித் தலைவரான ஜேம்ஸ் பாப்காக், தம் விடுதியில் கண்ட நோய் அதுதானா என்று நிச்சயிக்க 1908-இல் இத்தாலிக்கே சென்று நோயாளிகளைப் பார்த்துத் திரும்பினார். விரைவில் தென் ராஜ்யங்களெங்கும், விடுதிகளில் மட்டுமல்லாமல் பருத்தி ஆலைக் கிராமங்களிலும், வாரக் குடிசைகளிலும், அநாதை இல்லங்களிலும் நோய் வெளிப்பட்டது.

அமெரிக்கத் தென்னாட்டின் ஏழைகள் உண்டது மூன்று பொருள்: பன்றிக் கொழுப்பு, மக்காச்சோள மாவு, கரும்புப் பாகு. பருத்தி பணம் தரும் பயிரானபடியால், வாசற்படி வரையில் பருத்தியே விதைக்கப்பட்டது. காய்கறித் தோட்டத்துக்கு இடமில்லை, பசு வைக்க வகையில்லை, கடைக்காரனிடம் அறுவடை வரையில் கடன். முன்னாளில் அந்த மாவாவது உள்ளூர் ஆலைக் கற்களில் முளைப்பகுதியோடு சேர்த்து அரைபட்டது. புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில், நெடுநாள் கெடாமல் ரயிலேற்றி அனுப்புவதற்காக முளையை நீக்கும் இயந்திரங்கள் வந்து, இருந்த சிறிதளவு சத்தையும் களைந்துவிட்டன.

அது நுண்ணுயிர்களின் யுகம். பாஸ்டர், ராபர்ட் கோக் ஆகிய விஞ்ஞானிகள் காட்டிய வழியில் காலராவுக்கும் காசத்துக்கும் கிருமிகள் அகப்பட்டுவிட்ட உற்சாகத்திலே, பெலாக்ராவுக்கும் ஒரு கிருமி இருந்தே தீரவேண்டும் என்று வைத்தியர்கள் நம்பினார்கள். ஒரு சாரார் நோயாளிகளின் மலத்தைப் பூதக்கண்ணாடியில் வைத்து நுண்ணுயிரைத் தேடினர். லண்டனிலிருந்து வந்த லூயி சாம்பன், ஓடைக்கரையில் பறக்கும் ஒருவகைக் கரிய ஈ அதைப் பரப்புகிறது என்று 1910-இல் அறிவித்தார். ஸ்பார்ட்டன்பர்க் பகுதியில் 1912 முதல் வீடு வீடாக ஆராய்ந்த தாம்ஸன்–மக்ஃபேடன் குழுவினர், ஆகாரத்துக்கும் நோய்க்கும் சம்பந்தம் காணவில்லை, இது தொற்றுநோயே, மலக்கழிவின் வழியாகப் பரவக்கூடும் என்று முடிவு கூறினர். குடலில் குற்றவாளியைத் தேடியவர்கள், குடலுக்குள் என்ன போகிறது என்பதைச் சரியாகக் கணக்கிடவில்லை.

1914-இல் அமெரிக்க ஐக்கிய நாட்டு சர்க்கார் இந்தப் பிரச்னையை ஜோசப் கோல்ட்பர்கரிடம் ஒப்படைத்தது. இன்றைய ஸ்லோவாகியாவில் ஒரு யூதக் குடும்பத்தில் 1874-இல் பிறந்து, ஒன்பது வயதில் பெற்றோருடன் நியூயார்க்கில் குடியேறி, மளிகைக்கடைக்காரரின் மகனாக வளர்ந்த இவர், மஞ்சள் காய்ச்சல், டெங்கு, டைபஸ் ஆகியவற்றை ஆராயப் போய் அவற்றால் தாமே பீடிக்கப்பட்டுப் பிழைத்தவர். தொற்றுநோய் எப்படிப்பட்டது என்பது அவருக்கு உடம்பினாலேயே தெரியும். ஜார்ஜியாவின் மில்லெட்ஜ்வில் பைத்திய விடுதியைச் சுற்றிப் பார்த்த அவர், நோயாளிகளைக் குளிப்பாட்டி, துணிமாற்றி, பக்கத்திலேயே இருக்கும் பணியாளர்களில் ஒருவருக்கும் பெலாக்ரா வரவில்லை என்பதைக் கவனித்தார். தொற்றுநோய் உத்தியோகம் பார்த்துத் தொற்றுமா? இருசாராருக்கும் ஒரே சமையல் என்று சொல்லப்பட்டது; ஆனால் நல்ல பண்டங்களைப் பணியாளர்கள் முதலில் எடுத்துக்கொண்டார்கள், வெளியே வாங்கியும் உண்டார்கள். மிஸிஸிப்பி ராஜ்யத்து ஜாக்சன் நகரின் அநாதை இல்லங்களிலோ இன்னும் விசித்திரமான காட்சி: ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கே நோய். அதற்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்குப் பால் கிடைத்தது. மேற்பட்ட பிள்ளைகள் வேலை செய்கிறார்கள் என்று இறைச்சி கிடைத்தது. இடையிலிருந்தவர்கள் இரண்டுக்கும் உதவாதவர்களாய் மாவையும் பாகையும் உண்டார்கள். கோல்ட்பர்கர் சுகாதார ஏற்பாடுகள் எதையும் மாற்றாமல், பாலும் முட்டையும் இறைச்சியும் பயறும் மட்டும் வரவழைத்துக் கொடுத்தார். மறுவருஷம் அந்த இல்லங்களில் நோய் ஏறக்குறைய இல்லாமற்போயிற்று. மில்லெட்ஜ்வில்லில் இவ்வாறு உணவு மாற்றிய நோயாளிகளிடமும் அது திரும்பவில்லை.

உணவால் குணமாகிறது என்றால் போதாது, உணவால் உண்டாகிறது என்று காட்டு என்றார்கள் எதிர்வாதிகள். 1915-இல் மிஸிஸிப்பியின் கவர்னர் ஏர்ல் புரூவர், ராங்கின் சிறைப் பண்ணையிலிருந்து 12 கைதிகளைத் தாமாக முன்வரச்செய்து, பரிசோதனை முடிந்ததும் பூரண மன்னிப்பு என்று வாக்களித்தார். சுத்தமான இடம், அளவான வேலை, வயிறு நிறைய உணவு. ஆனால் அந்த உணவு மக்காச்சோள ரொட்டி, கஞ்சி, வெள்ளைமாவு பிஸ்கட், சோறு, சர்க்கரைவள்ளி, பாகு, சிறிது கீரை இவ்வளவே. ஆறு மாதங்களுக்குள், எஞ்சியிருந்த 11 பேரில் ஆறு பேருக்குத் தோலில் அந்தச் சிவப்பு கண்டது. சிறையின் மற்றக் கைதிகளில் ஒருவருக்கும் இல்லை. இன்றைய தர்மநியாயங்களின்படி இத்தகைய பரிசோதனையை யாரும் அனுமதிக்கமாட்டார்கள். அனுமதிக்கக் கூடாது என்பதே என் அபிப்பிராயமும். கைதியின் சம்மதம், விடுதலையைக் கண்ணெதிரே காட்டிப் பெற்ற சம்மதம்.

ஆனால் கோல்ட்பர்கர் பிறரை மட்டும் சோதித்தவரல்லர். தொற்று என்ற வாதம் அப்போதும் ஓயாததால், 1916-இல் தாமும், தம் மனைவி மேரியும், சக வைத்தியர்களுமாக 16 பேர், பெலாக்ரா நோயாளிகளின் இரத்தத்தை ஊசியால் ஏற்றிக்கொண்டும், அவர்களுடைய மூக்குச் சளியைத் தடவிக்கொண்டும், உதிர்ந்த தோலையும் சிறுநீரையும் மலத்தையும் மாவோடு உருட்டி விழுங்கியும் பார்த்தார்கள். மேரி இரத்த ஊசியை மட்டும் ஏற்றுக்கொண்டார். ஒருவருக்கும் பெலாக்ரா வரவில்லை. ‘அசுத்த விருந்து’ என்று அவர்களே வேடிக்கையாகப் பெயரிட்ட இந்தக் காரியத்தைப் படிக்கும்போது அருவருப்பும் வணக்கமும் ஒருங்கே எழுகின்றன.

அதே காலத்தில், எட்கர் சைடன்ஸ்ட்ரிக்கர் என்னும் பொருளாதார நிபுணரைத் துணைகொண்டு, தென் கரோலினாவின் ஏழு பருத்தி ஆலைக் கிராமங்களில் வீடு வீடாக வருமானத்தையும் அடுக்களைச் சாமானையும் கணக்கெடுத்தார்கள். வருமானம் குறையக் குறைய நோய் மிகுந்தது. வசதியுள்ள வீடுகளில் நோய் அபூர்வம். ஆனால் வருமானமும் முழு விடையன்று என்பதை இரண்டு கிராமங்கள் காட்டின. இன்மன் மில்ஸ் கிராமத்தைச் சுற்றிலும் பலபயிர் செய்யும் விவசாயிகள் இருந்து, பாலும் காய்கறியும் இறைச்சியும் வண்டியில் கொண்டுவந்து விற்றார்கள்; நோய் இல்லை. நியூரி கிராமத்தைச் சுற்றிப் பருத்தியன்றி வேறில்லை. கையில் காசிருந்தாலும் வாங்கப் பண்டமில்லை. அங்கே நோய் மலிந்திருந்தது. மெக்ஸிகோவிலிருந்து வந்த பருத்திக்காய் வண்டு என்னும் பூச்சி தென்னாட்டுப் பருத்தியை அழித்துக்கொண்டு வந்தபோது, பருத்தி பொய்த்த நிலங்களில் உணவுப்பயிர் ஏறி, அந்த வட்டாரங்களில் பெலாக்ரா மரணம் குறைந்தது என்று பொருளாதாரச் சரித்திரக்காரர்கள் பிற்காலத்தில் கணக்கிட்டிருக்கிறார்கள். சர்க்கார் செய்யாததை ஒரு பூச்சி செய்தது.

1920-இல் பருத்தி விலை வீழ்ந்ததும், பட்டினியும் பெலாக்ராவும் மிகும் என்று கோல்ட்பர்கர் எச்சரிக்கை செய்தார். ஜனாதிபதி ஹார்டிங் 1921-இல் அதனைக் கவனித்துச் செஞ்சிலுவைச் சங்கத்தின் உதவியை நாடியபோது, தென்னாட்டு அரசியல்வாதிகளும் பத்திரிகைகளும் வர்த்தகர்களும் தங்கள் நாட்டுக்கு இழுக்கு நேர்ந்துவிட்டதாகக் கொதித்தெழுந்து, இங்கே பஞ்சமுமில்லை, கொள்ளைநோயுமில்லை என்று மறுத்தார்கள். மானத்தைக் காப்பாற்றுவதற்காக மரணத்தை மறைப்பது எந்த நாட்டு அரசியலுக்கும் அந்நியமன்று.

எந்தப் பொருளின் குறைவு இந்நோய் என்பதைக் கோல்ட்பர்கர் காணவில்லை; ஆனால் நாய்களுக்கு வரும் ‘கருநாக்கு’ நோய் இதற்கு இணையானது என்பதையும், பீர் தயாரிப்பில் மிஞ்சும் மலிவான ஈஸ்ட் இதனைத் தீர்க்கும் என்பதையும் கண்டார். 1927-இல் மிஸிஸிப்பி நதி பெருகி லட்சக்கணக்கானோர் வீடிழந்தபோது, செஞ்சிலுவைச் சங்கம் ஈஸ்டை மூட்டை மூட்டையாக வழங்கியது. 1929 ஜனவரியில் கோல்ட்பர்கர் சிறுநீரகப் புற்றுநோயால் காலமானார். அவர் சாம்பல் பொட்டோமாக் நதியில் தூவப்பட்டது. அந்த வருஷங்களில் தென்னாட்டில் ஆண்டுக்கு ஏழாயிரம் பேர் வரை பெலாக்ராவினால் இறந்தார்கள். நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1940 வரையில் நோயுற்றோர் ஏறக்குறைய முப்பது லட்சம், இறந்தோர் ஒரு லட்சம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பு.

1937-இல் விஸ்கான்ஸின் சர்வகலாசாலையின் கான்ராட் எல்வேஜெம், நிக்கோடினிக் அமிலம் என்னும் எளிய பொருள் கருநாக்கைத் தீர்ப்பதைக் கண்டார். இப்பொருள் இரசாயனிகளுக்கு 1867 முதலே தெரிந்தது. இரசாயனியான காஸிமிர் ஃபங்க் அதை அரிசித் தவிட்டிலிருந்தே பிரித்தெடுத்து, தாம் தேடியது பெரிபெரி என்னும் நோய்க்கு மருந்தாகையால், உதவாதென்று ஒதுக்கிவைத்தார். மருந்து அலமாரியில் எழுபது வருஷம் பெயரிட்டு வைத்திருந்தும் நோயாளிகள் மாண்டுகொண்டிருந்தார்கள். டாம் ஸ்பீஸ் முதலிய வைத்தியர்கள் இதனை மனிதருக்குக் கொடுத்தபோது, நாவின் புண் ஆறியது, பேதி நின்றது, எல்லாவற்றினும் வியப்பாக, கட்டிலில் கட்டிவைக்க வேண்டியிருந்த சித்தப்பிரமைக்காரர்கள் சில நாட்களுக்குள், சிலர் ஓரிரவுக்குள், தெளிந்த புத்தியோடு பேசத் தொடங்கினார்கள். மனத்தின் கலக்கத்தில் ஒரு பகுதி ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடியால் தீரும் என்பது அந்நாளைய வைத்தியர்களைத் திகைக்கவைத்தது. 1940-களில் மாவிலும் ரொட்டியிலும் அந்தச் சத்தைச் சேர்ப்பது சட்டமாயிற்று. யுத்தகாலக் கூலியும் உயர்ந்தது. பெலாக்ரா தென்னாட்டை விட்டகன்றது.

மக்காச்சோளத்தில் நிக்கோடினிக் அமிலம் இல்லாமலில்லை. அது குடல் எளிதில் உறிஞ்ச முடியாதபடி வேறு பொருள்களோடு பிணைந்திருக்கிறது. காரநீரில் வேகும்போது அந்தப் பிணைப்பு அறுகிறது. சுண்ணாம்பில் வெந்த மக்காச்சோளமும் வேகாத மக்காச்சோளமும் தம்முள் வேறுபடுவதை எலிகளைக் கொண்டு காட்டிய ஆராய்ச்சி 1951-இல் வெளிவந்தது. மெக்ஸிகோவின் ஏழைகள் ஏன் இந்நோயிலிருந்து பெரும்பாலும் தப்பினார்கள் என்பதற்கு அப்போதுதான் ரசாயன விடை கிடைத்தது. நம்மவர்க்கும் இதில் பெருமைப்பட இடமுண்டு: நெல்லை அவித்துப் புழுக்கி உலர்த்தும் வழக்கத்தால் தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுவதால், புழுங்கலரிசி உண்டவர்கள் பெரிபெரிக்குத் தப்பினார்கள், ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட வட சர்க்கார் மாவட்டங்களிலே அந்நோய் நிலைத்திருந்தது. அதனை ஆராய 1918-இல் ராபர்ட் மெக்கரிஸன் குன்னூரில் தொடங்கிய சிறு ஆய்வுதான் பிற்பாடு ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து தேசிய போஷாக்கு ஸ்தாபனமாக வளர்ந்தது.

அந்த ஸ்தாபனத்துக்குத்தான் பெலாக்ராவின் இந்திய அத்தியாயமும் சேரும். சேலத்தில் பிறந்தவரான டாக்டர் சி. கோபாலன், தக்காணத்து ஏழைகளிடையே பெலாக்ரா இருப்பதையும், அவர்கள் உண்பது மக்காச்சோளமல்ல, சாதாரணச் சோளம் என்பதையும் கண்டு, சோளத்தில் லூசின் என்னும் புரதக்கூறு மிகுந்திருப்பது நோய்க்குக் காரணமாகலாம் என்று 1960-இல் சக ஆராய்ச்சியாளர் ஸ்ரீகாந்தியாவுடன் சேர்ந்து எழுதினார். அக்கொள்கை இன்றும் வாதத்துக்கிடமானதே. ஆனால், ஒரு சத்து இல்லாமை மட்டுமன்று, சத்துக்களின் விகிதம் கெடுவதும் மனத்தைக் கெடுக்கலாம் என்ற சிந்தனையை அது கிளப்பிவிட்டது.

குடலின் நுண்ணுயிர்களும் இந்தச் சரித்திரத்தில் கடைசியாக நுழைகின்றன. டிரிப்டோபேன் என்னும் புரதக்கூற்றிலிருந்து நம் உடல் நிக்கோடினிக் அமிலத்தைச் சிறிது தானே ஆக்கிக்கொள்ளும். 1956-இல் லண்டன் வைத்தியர்கள் ஒரு குடும்பத்தில் கண்ட ஹார்ட்னப் என்னும் பிறவிநோயில், குடல் இந்த டிரிப்டோபேனைச் சரிவர உறிஞ்சுவதில்லை. எஞ்சியது பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிர்களால் இண்டோல் முதலிய பொருள்களாக மாறிச் சிறுநீரில் வெளிப்படுகிறது. நோயாளிக்கோ பெலாக்ராவைப் போன்ற தோலும், சில வேளைகளில் மனக்குழப்பமும். ஆகாரம், குடல், நுண்ணுயிர், புத்தி என்னும் நான்கும் ஒரே கயிற்றில் கோக்கப்பட்டிருப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் திருஷ்டாந்தம் அரிது. அல்ஸைமர் நோயாளிகளின் குடலில் நுண்ணுயிர்க் கூட்டத்தின் அமைப்பு மாறியிருப்பதாக இன்று எழுதுகிறார்கள்; அந்த மாற்றம் மறதிக்குக் காரணமா, மறதி வந்தவர்களின் உணவும் வாழ்வும் மாறியதன் விளைவா என்பது தீரவில்லை. பெலாக்ராவின் பிரமையைப் போல அல்ஸைமர் மறதி ஒரு பொடியினால் திரும்பும் என்று எண்ணி, பத்திரிகை விளம்பரங்களைக் கண்டு மயங்கவேண்டாம். இரண்டும் வேறு வேறு. கிருமியைத் தேடிய ஆவேசத்தில் தட்டைப் பாராதவர்களின் பிழையை, இப்போது தட்டையும் கிருமியையும் ஒருங்கே தேடுகிறவர்கள் அறிந்திருத்தல் நலம்.

பெலாக்ரா முற்றிலும் பழங்கதையாகிவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. குடியால் உணவைத் துறந்தவர்களிடையே இன்றும் அது தென்படுகிறது. 1990-ஆம் வருஷம், மொஸாம்பிக் நாட்டு யுத்தத்துக்கு அஞ்சி மலாவியில் அடைக்கலம் புகுந்திருந்த அகதிகளுக்கு அளித்துவந்த பங்கீட்டிலிருந்து நிலக்கடலை நின்றுபோய், மக்காச்சோளமே முக்கிய உணவாக எஞ்சிய சில மாதங்களில், அந்த முகாம்களில் ஏறக்குறைய 18,000 பேருக்குப் பெலாக்ரா கண்டது. எல்வேஜெம் மருந்தைக் கண்டு அப்போது 53 வருஷங்கள் ஆகியிருந்தன.